நாலு எம்பி: ஒரு தேர்வுக் கேள்வியை வாசித்தல்

கணினிப் பொறியியல் படித்த யாரும் தப்பித்திருக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. பல்கலைக்கழகத் தேர்வில் வரும். கேட் தேர்வில் எண்களை மாற்றிக்கொண்டு வரும். வேலைக்கான நேர்காணலில் வாய்மொழியாக வரும். அதன் உருவம் ஏறக்குறைய இப்படி: மெய்நிகர் முகவரி 32 பிட். ஒரு பக்கத்தின் அளவு 4 கிலோபைட். பக்க அட்டவணையில் ஒரு பதிவுக்கு 4 பைட். அட்டவணையின் அளவு என்ன?

விடை எழுத ஒரு நிமிடம் போதும். 4 கிலோபைட் என்பது 2¹² பைட். 32 பிட்டில் 12ஐக் கழித்தால் 20. ஆகவே 2²⁰ பக்கங்கள், அதாவது 10,48,576. பக்கத்துக்கு ஒரு பதிவு, பதிவுக்கு 4 பைட். பெருக்கினால் 4 மெகாபைட். அவ்ளோதான். மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

நான் அடுத்த கேள்விக்குப் போகாமல் இங்கேயே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். நாவல்களையும் கவிதைகளையும் வரி வரியாக விமர்சிக்கிறோம். ஆண்டுதோறும் லட்சக்கணக்கான இளைஞர்கள் மனப்பாடமாக வாசிக்கும் இந்த நாலு வரிப் பிரதியை யாரும் விமர்சித்து நான் பார்த்ததில்லை. ஒரு சிறுகதையிடம் கேட்பதை இதனிடமும் கேட்கலாம். இதில் பேசுவது யார்? எதைச் சொல்லாமல் விடுகிறார்? சொல்லாமல் விட்டதால் வாசகர் எந்த உலகத்தை நம்பத் தொடங்குகிறார்?

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடை சரி. ஆனால் முகவரி இருக்கிற இடத்திலெல்லாம் ஆள் இருக்கிறார்கள் என்று கேள்வி கமுக்கமாக எடுத்துக்கொள்கிறது. அந்த அனுமானம் பொய் என்று கண்டுபிடித்ததுதான் இந்தத் துறையின் சாதனை. கேள்வி அந்தச் சாதனையின் வாசல்வரை மாணவரை அழைத்துவந்து, கதவைச் சாத்திவிடுகிறது.

*

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக, பக்க அட்டவணை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இந்தக் கட்டுரையைக் கொல்லிமலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உதாரணத்தையும் இங்கிருந்தே எடுக்கிறேன்.

சங்கப் பாடல்களில் 'கொல்லி' என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. சில பாடல்களில் அது வல்வில் ஓரியின் மலை. சிலவற்றில் சேரனின் மலை. காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்த செய்தி அகநானூற்றின் 209ஆம் பாடலில் இருக்கிறது. பெயர் மாறவில்லை. பெயருக்கு எதிரே எழுதியிருந்த உடைமை மாறியது.

பக்க அட்டவணையும் இதைத்தான் செய்கிறது. ஒரு நிரல் தன் நினைவகத்தைப் பெயர்களால் அழைக்கிறது. நிரலுக்குத் தெரிந்த அந்த எண்தான் மெய்நிகர் முகவரி. உண்மையான நினைவகச் சில்லில் அது எந்த இடம், அதைப் படிக்கலாமா, எழுதலாமா, இப்போது அது நினைவகத்தில்தான் இருக்கிறதா, வட்டுக்குப் போய்விட்டதா என்பதெல்லாம் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு பதிவில் இருக்கும். நிரல் பெயரைச் சொல்லும். வன்பொருள் பதிவைப் பார்த்து இடத்துக்குப் போகும். பதிவை இயங்குதளம் மாற்றினால் நிரலுக்குத் தெரியாது. 'மெய்நிகர்' என்ற சொல் இங்கே கொஞ்சம் குழப்புகிறது. மெய்யைப் போல நடிக்கும் ஏதோ ஒன்று என்று தோன்றும். இதில் போலி எதுவும் இல்லை. பெயர் வேறு, இடம் வேறு, இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு பதிவேடு.

பதிவேடு என்றால் அதை வைக்கவும் இடம் வேண்டும். அந்த இடமும் அதே நினைவகத்திலிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் அதன் அளவைக் கணக்கிடுவது முக்கியம். நம் கேள்வி பிறந்தது இங்கேதான், அதன் நோக்கத்தில் குறை இல்லை.

*

செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஊரிலிருந்து கீழே இறங்கிப் போய்ப் பொறியியல் படிக்கிற தம்பி ஒருவன், விடுமுறையில் நோட்டுடன் வந்தான். இந்தக் கணக்கைச் சரியாகவே போட்டிருந்தான். போட்டுவிட்டுக் கேட்டான்: "அண்ணா, ஹலோ வேர்ல்டுக்கும் நாலு எம்பியா? அதுல ஒண்ணுமே இல்லியே."

கேள்வித்தாளில் இல்லாத கேள்வி அது. சரியான கேள்வியும் அதுதான்.

ஹலோ வேர்ல்ட் என்று அச்சடிக்கிற நிரலுக்கும் 400 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் உண்டு. 32 பிட் என்றால் எல்லா நிரலுக்கும் 4 ஜிபி பரப்பு. அதில் அது குடியிருப்பது அடியில் கொஞ்சம் (கட்டளைகள், தரவுகள்), உச்சியில் கொஞ்சம் (அடுக்கு, அதாவது ஸ்டாக்). நடுவே முழுக்க வெறும் காடு. கேள்வி சொல்கிற அட்டவணையோ காட்டின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி ஒதுக்கி, 'இங்கே யாரும் இல்லை' என்று எழுதி வைக்கிறது. பத்து லட்சம் வரியில் அநேகமாக எல்லாமே அந்த ஒரே வாக்கியம்தான். நூறு நிரல்கள் ஓடினால் 400 எம்பி முழுக்க, யாரும் இல்லை, யாரும் இல்லை.

அவனுக்குப் பதில் சொல்ல எனக்குப் பலகை தேவைப்படவில்லை. மலையே போதுமாக இருந்தது.

கொல்லிமலை சுமார் 280 சதுர கிலோமீட்டர். சோலை, பள்ளத்தாக்கில் நெல் வயல், சரிவில் மிளகும் காபியும் வாழையும், இடையிடையே சில வீடுகள் சேர்ந்த ஊர்கள். மக்கள்தொகை நாற்பதாயிரத்தை ஒட்டி. ஒரு வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் பத்தாயிரம் வீடு. இப்போது மலை மேல் ஒரு வலையை விரித்து, 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு வரி என்று பதிவேடு போடுவோம். 28 கோடி சதுர மீட்டரை 16ஆல் வகுத்தால் 1.75 கோடி வரிகள். பத்தாயிரம் வீட்டுக்கு! ஒரு வீட்டைக் குறிக்க 1,750 வரி செலவு.

இது என் கற்பனைக் கட்டம் அல்ல. இந்திய அஞ்சல் துறை 2025இல் கொண்டுவந்த டிஜிபின் ஏறக்குறைய இதே அளவுக் கட்டங்களால் நாட்டை நிரப்புகிறது. பத்து எழுத்துக் குறியீடு, எழுத்துக்கு 16 வாய்ப்பு. மொத்தம் 16¹⁰, அதாவது 2⁴⁰ கட்டங்கள், கடலையும் சேர்த்து. டிஜிபினைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. அது அட்டவணை எதையும் வைத்துக்கொள்வதில்லை. அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து குறியீட்டைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். அதனால் காலிக் கட்டத்துக்குச் செலவு கிடையாது. ஆனால் அந்தக் கட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் எங்கோ ஒரு பதிவேடு வேண்டும். அந்தக் கணத்தில் நம் பழைய கேள்வி திரும்பி வந்துவிடும்: அதன் அளவு என்ன?

மலைக்காரர்கள் இதை எப்படித் தீர்த்துவைத்திருக்கிறார்கள்? இங்கே 14 ஊராட்சிகள். எல்லாப் பெயரும் 'நாடு' என்று முடியும்: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, வாழவந்தி நாடு என்று. ஒருவரைத் தேடினால் முதலில் எந்த நாடு, அப்புறம் எந்த ஊர், அப்புறம் யார் வீடு. நாட்டுக்குள் ஊர் இருக்கிற இடத்துக்குத்தான் ஊர்ப் பெயர். ஊர் இல்லாத சரிவுக்கு வீட்டுப் பட்டியல் கிடையாது, 'இங்கே யாரும் இல்லை' என்று யாரும் எழுதி வைப்பதும் கிடையாது. இல்லாத ஊருக்குப் பட்டியலே இல்லை என்பதே அந்தத் தகவல்.

பல படி அட்டவணை இதுதான். 32 பிட்டின் மேல் 20 பிட்டை 10, 10 என்று பிரிக்கிறோம். முதல் 10 பிட் நாட்டைச் சொல்லும். 1,024 பதிவுகள், 4 கிலோபைட், சரியாக ஒரு பக்கம். அடுத்த 10 பிட் ஊரைச் சொல்லும். ஆனால் குடியிருப்பு உள்ள நாட்டுக்கு மட்டும்தான் இரண்டாம் பட்டியல். ஹலோ வேர்ல்டுக்கு ஒரு தலைமைப் பட்டியல், அடிப்பகுதிக்கு ஒன்று, உச்சிக்கு ஒன்று. மூன்று பக்கம், 12 கிலோபைட். நாலு எம்பியில் முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்த நிரல் 4 ஜிபியையும் முழுக்க நிரப்பிவிட்டால் பல படி அட்டவணை 4 எம்பியோடு தலைமைப் பட்டியலின் 4 கிலோபைட்டையும் சேர்த்துக் கேட்கும். ஒரே படியைவிடப் பெரியது! மேலும் ஒவ்வொரு தேடலுக்கும் நினைவகத்தை ஒருமுறைக்குப் பதில் இரண்டுமுறை தொட வேண்டும். ஆக, 'அட்டவணையின் அளவு என்ன?' என்ற கேள்விக்கு ஒற்றை எண் விடையாக முடியாது. 12 கிலோபைட் முதல் 4 எம்பி சொச்சம்வரை எதுவும் விடையாகலாம். எதைப் பொறுத்தது என்றால், யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதை. கேள்வித்தாள் தராமல் விட்ட ஒரே தகவல் அது.

*

இந்தக் கேள்வியின் ஊற்று பாடநூல்கள்தான். இரண்டை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, அட்டையில் டைனோசர் போட்டிருப்பதால் டைனோசர் புத்தகம் என்றே அழைக்கப்படும் சில்பர்ஷாட்ஸ், கால்வின், கேக்னே மூவரின் இயங்குதள நூல். நம் கல்லூரிகளில் தலைமுறைகளாகப் புழங்குவது. பக்க அட்டவணை பற்றிய பகுதியில் அதன் நடை ஒரு பொருட்காட்சிக்கூடம் போல. படிநிலை அட்டவணை, ஹேஷ் அட்டவணை, தலைகீழ் அட்டவணை என்று வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் பெயர்ப்பலகை. நாலு எம்பி கணக்கு அங்கேயும் வரும், அது ஒரு பிரச்சினை என்றும் சொல்லும். தகவலில் குறை காண முடியாது. ஆனால் காலியிடம் என்கிற கதாபாத்திரம் அங்கே மேடைக்கே வருவதில்லை. பெரிய அட்டவணையைத் துண்டு போடலாம் என்று தெரியும். துண்டு போட்டால் ஏன் சிறியதாகும் என்று புரியாது. ஒரு வாழைத்தாரைச் சீப்புச் சீப்பாக வெட்டினால் எடை குறையாதே! சில துண்டுகளை உண்டாக்கவே வேண்டியதில்லை என்பதால்தான் குறைகிறது. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மாணவர் தவறவிடுகிறார்.

இன்னொன்று. 64 பிட் கட்டமைப்புக்குப் படிநிலை அட்டவணை பொதுவாகப் பொருந்தாது, எண்ணிக்கை ஏழு படிவரை போய்விடும் என்கிற பொருளில் அதே அத்தியாயம் பேசுகிறது. சில பக்கங்கள் தள்ளி, இன்றைய இன்டெல், ஏஎம்டி செயலிகள் 48 பிட் முகவரிக்கு நான்கு படி அட்டவணை வைத்திருப்பதை விளக்குகிறது. இரண்டும் ஒரே அத்தியாயத்தில்! பதிப்பு மேல் பதிப்பாக வளரும் பாடநூல்களுக்கு நேர்கிற விபத்து இது: பழைய தீர்ப்பு ஓர் அறையில், அதை மறுத்த வரலாறு பக்கத்து அறையில். படிநிலை அட்டவணை பிழைத்தது எப்படி என்பது நல்ல கதை. 64 பிட்டையும் பயன்படுத்தாமல் 48 போதும் என்று நிறுத்தினார்கள். அண்மையில் தேடிய முகவரிகளை டிஎல்பி என்கிற சிறு நினைவில் வைத்து, நான்கு படி ஏறும் செலவைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் இந்த மலைக்கு வர வேண்டும். ஆனால் தினம் வருகிற பேருந்து நடத்துநர் எந்த ஊர்க்காரர் எங்கே இறங்குவார் என்று கேட்காமலே விசில் அடிக்கிறார் இல்லையா, அதுமாதிரி. 2017இல் லினக்ஸில் ஐந்தாம் படியும் வந்துவிட்டது, 57 பிட்டுக்கு.

இரண்டாவது நூல், ரெம்சி, ஆண்ட்ரியா அர்பாசி-டுசோ தம்பதியர் எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்'. ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்ளும் சிறு உரையாடல்கள் நடுநடுவே வரும். அதே நாலு எம்பி இங்கே விடையாக வருவதில்லை, தொல்லையாக வருகிறது. பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள்: 16 கிலோபைட் என்றால் அட்டவணை 1 எம்பியாகும், ஆனால் பக்கத்துக்குள்ளேயே இடம் வீணாகும். வேறு வழி பார்க்கிறார்கள், அதன் குறையையும் சொல்கிறார்கள். கடைசியில்தான் பல படி. ஒரு யோசனை தோற்கிற இடத்தில் அடுத்தது பிறக்கிறது. வாசகர் காலியிடத்தைக் கண்ணால் பார்த்துவிடுகிறார். பாடநூலுக்கும் கதைசொல்லல் உண்டு என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இந்த அத்தியாயம். என் ஒரே மனத்தாங்கல்: அது கொஞ்சம் அதிகமாகச் சிரித்துப் பேசும், ஆங்கிலத்தில் தடுமாறும் முதல் தலைமுறை மாணவருக்கு அந்தப் பகடிகளே ஒரு வேலியாகிவிடும். டைனோசரின் வறண்ட ஆங்கிலம் அந்த வகையில் கருணையுள்ளது.

இரண்டு நூல்களுமே ஆரம்பத்துக்கு உரிய இடம் தருவதில்லை என்றும் நினைக்கிறேன். பக்கமுறை மெய்நிகர் நினைவகத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த மான்செஸ்டரின் அட்லஸ் கணினி 1962இல் இயங்கத் தொடங்கியது. அதன் முகவரிப் பரப்பு 2²⁰ சொற்கள், பக்கத்துக்கு 512 சொற்கள். நம் தேர்வு வாய்ப்பாட்டைப் போட்டால் 2,048 பதிவுகள் வர வேண்டும். அட்லஸில் இருந்ததோ 32 பதிவேடுகள்! உண்மையில் இருந்த மையநினைவகம் 16 ஆயிரம் சொற்கள்தான், அதாவது 32 பக்கம். பக்கத்துக்கு ஒரு பதிவேடு, 'இப்போது என்னிடம் இருப்பது இன்ன முகவரி' என்று. எங்கெல்லாம் ஆள் இருக்கலாம் என்று எண்ணாமல், இருக்கிற வீடுகளை எண்ணினார்கள். பாடநூல்கள் 'தலைகீழ் அட்டவணை' என்று கடைசிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் யோசனை அடிப்படையில் முதல் யோசனையே.

*

அப்படியானால் நாலு எம்பி வாய்ப்பாட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. அதன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது.

நான் பார்த்த ஒரு தரவுத்தளச் சர்வர், நிறுவனத்தின் பெயர் வேண்டாம், பகலில் ஒழுங்காக ஓடி, கூட்டம் கூடும் நேரத்தில் நினைவகம் தீர்ந்து விழுந்துகொண்டிருந்தது. தரவின் அளவு கூடவில்லை. நிரலிலும் கசிவு இல்லை. கணக்குக்கு வசதியாக எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். எல்லா இணைப்புகளும் பகிரும் நினைவகம் 64 ஜிபி. பக்கம் 4 கிலோபைட், ஆக 2²⁴ பக்கங்கள். பதிவுக்கு 8 பைட், 128 எம்பி அட்டவணை. இது ஒரு இணைப்புக்கு. பகிர்வது தரவை மட்டுமே. ஒவ்வொரு இணைப்பும் தனி நிரலாக ஓடுவதால் அட்டவணை ஒவ்வொன்றுக்கும் தனி. 500 இணைப்புகளும் காலப்போக்கில் மொத்தத் தரவையும் தொட்டுவிட்டால் 62.5 ஜிபி. வீட்டுக்குச் சமமாக வீட்டு வரிப் பதிவேடு! பக்கத்தை 2 எம்பியாக மாற்றினால் 32,768 பதிவுகள், 256 கிலோபைட். 500 இணைப்புக்கும் சேர்த்து 125 எம்பி. அப்படித்தான் பிரச்சினை தீர்ந்தது.

இங்கே வேலை செய்தது அதே வாய்ப்பாடுதான். முழுக்கக் குடியேறிய நகரத்தில் பெருக்கல் சரியான விடை தரும். மலையில் தராது. எது நகரம், எது மலை என்று பார்க்கத் தெரிவதுதான் பொறியியல். தேர்வு அந்தப் பார்வையைச் சோதிப்பதில்லை, பெருக்கலைச் சோதிக்கிறது. பல படி அட்டவணை பற்றிய கேள்விகளிலும் பெரும்பாலும் எத்தனை படி, எத்தனை பிட் என்றே கேட்கிறார்கள்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். அந்தத் தம்பியின் கேள்வியை நினைத்துப் பாருங்கள். 'ஒண்ணுமே இல்லியே' என்று அவனுக்குத் தோன்றியது, பாடத்தின் மையத்தைத் தானாகத் தொட்ட தருணம். அதற்கு மதிப்பெண் கிடையாது. மூன்று மணி நேரத் தேர்வில் அப்படி யோசித்து நிற்பவனுக்கு அடுத்த இரண்டு கேள்வி போகும். நாலு எம்பி என்று எழுதிவிட்டு நகர்ந்தவன் முன்னால் போவான். இப்படி ஆண்டுக்கணக்கில் வடிகட்டினால், காலியிடத்தைப் பார்த்து ஆச்சரியப்படத் தெரியாதவர்களாகத்தான் நாங்கள் வெளியே வருவோம். அப்புறம் இல்லாத கோடிப் பேருக்காகப் பெரிய அமைப்புகளைக் கட்டி, இருக்கிற பத்தாயிரம் வீட்டைத் தேட முடியாமல் நிற்போம்.

ஆகவே விமர்சகனாக மட்டும் நிற்காமல், கேள்வியைத் திருத்தியும் எழுதிப் பார்க்கிறேன். வெளிநாட்டுச் செயலியைத் தேடவும் வேண்டாம். சென்னை ஐஐடியில் வடிவமைத்த சக்தி செயலிகளில் சி வகை 64 பிட், லினக்ஸ் ஓடக்கூடியது. ரிஸ்க்-ஃபைவ் தரத்தின் எஸ்வி39 என்ற முகவரி முறை அதில் உண்டு: 39 பிட் முகவரி, 4 கிலோபைட் பக்கம், பதிவுக்கு 8 பைட், 9 பிட் வீதம் மூன்று படி.

கேள்வி: இந்தச் செயலியில் ஒரு நிரல் தன் முகவரிப் பரப்பின் அடியில் 1 எம்பியும் உச்சியில் 64 கிலோபைட்டும் மட்டுமே பயன்படுத்துகிறது. (அ) ஒரே படி அட்டவணை என்றால் அளவு என்ன? (ஆ) மூன்று படி என்றால் என்ன? (இ) எப்படிப்பட்ட நிரலுக்கு (அ)வே சிறந்ததாகும்? காரணம் சொல்க.

(அ)வுக்கு 2²⁷ பதிவுகள், 1 ஜிபி. (ஆ)வுக்கு மேல் படியில் ஒரு பக்கம், நடுவில் இரண்டு, கடைசியில் இரண்டு. ஐந்து பக்கம், 20 கிலோபைட். (இ)வுக்கு ஒற்றை எண் விடை கிடையாது, திருத்துபவர் ஒவ்வொரு தாளையும் வாசித்தாக வேண்டும். இப்படிக் கேள்விகள் தேர்வில் வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

தம்பிக்கு இந்தக் கேள்வியைத் தந்தேன். (அ), (ஆ) இரண்டையும் உடனே போட்டான். (இ)யை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். நேற்று வந்து, "கீழ டவுன்ல இருக்கற மாதிரி நெருக்கமா இருந்தா ஒரே படி போதும்ணா. ஆனா டவுன்லயும் கொளம் இருக்குல்ல?" என்றான். இருக்கிறது என்றேன்.